பேஸிலிருந்து தொடங்குங்கள்: பில் எவன்ஸ் ட்ரியோவின் 1961 வேன்கார்ட் பதிவுகளைக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், ஏழாவது அவென்யூவில், படியிறங்கிப் போகவேண்டிய ஒரு சின்ன நிலவறை ஜாஸ் கிளப் இருக்கிறது. பெயர் வில்லேஜ் வேன்கார்ட். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, அங்கே மூன்று பேர் மதியம் தொடங்கி இரவு வரை வாசித்தார்கள். பியானோவில் பில் எவன்ஸ், டபுள் பேஸில் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கம்பி வாத்தியம், சுருக்கமாக பேஸ்) ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். ரிவர்சைடு என்ற இசைத்தட்டு நிறுவனம் அதைப் பதிவு செய்தது. அந்த ஒரே நாளிலிருந்து ‘சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்’, ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ என்று இரண்டு ஆல்பங்கள் வந்தன. பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் சேர்ந்தால் எப்படியெல்லாம் பேசிக்கொள்ளலாம் என்பதைப் பின்னால் வந்த எத்தனையோ கலைஞர்கள் இங்கிருந்துதான் கற்றார்கள்.

ஆனால் முதல் தடவை கேட்பவர்களில் பலருக்கு இது பிடிபடுவதில்லை. மென்மையான பியானோ, பின்னால் கிளாஸ் சத்தம், எங்கோ யாரோ சிரிக்கிறார்கள். “நன்றாகத்தான் இருக்கிறது, வேலை செய்யும்போது ஓடட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். காது வழக்கம்போலப் பியானோவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவதுதான் காரணம். இந்தப் பதிவில் விஷயம் பியானோவில் மட்டும் இல்லை. பேஸ் என்ன சொல்கிறது என்று காதுக்குத் தெரிந்தால்தான் பியானோ ஏன் அங்கே நிற்கிறது, ஏன் இங்கே ஓடுகிறது என்பது புரியும்.

அதற்கு ஒரு வழியைப் படிப்படியாக எழுதியிருக்கிறேன். இசைக் கல்வி தேவையில்லை. ஒன்று முதல் நான்கு வரை சீராக எண்ணத் தெரிந்தால் போதும். ஒரே நாளில் எல்லாப் படிகளையும் முடிக்க வேண்டாம், ஒரு வாரத்தில் பரப்பிக்கொள்ளுங்கள்.

படி 1: எந்தப் பதிப்பு?

‘சண்டே’ ஆல்பத்தில் ஆறு பாடல்கள். ‘குளோரியாஸ் ஸ்டெப்’, ‘மை மேன்ஸ் கான் நவ்’, ‘சோலார்’, ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’, ‘ஆல் ஆஃப் யூ’, ‘ஜேட் விஷன்ஸ்’. ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ ஆல்பத்திலும் ஆறு. ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’, ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’, ‘டீடூர் அஹெட்’, ‘மை ரொமான்ஸ்’, ‘சம் அதர் டைம்’, ‘மைல்ஸ்டோன்ஸ்’. இவை தவிர அன்று வாசிக்கப்பட்ட பதின்மூன்றாவது பாடல் ‘போர்கி’.

2005-இல் மூன்று சிடிகளாக முழுத் தொகுப்பு வந்தது. அன்று வாசித்த ஐந்து செட்களும், அதாவது இடைவேளைக்கு இடைவேளை மேடையேறி வாசித்த ஐந்து பகுதிகளும், வாசித்த வரிசையிலேயே அதில் இருக்கின்றன. 13 பாடல்கள், மொத்தம் 22 டேக். ஒரு பாடலை ஒரு தடவை வாசித்துப் பதிவு செய்ததுதான் ஒரு டேக்.

தொடக்கத்தில் இந்த முழுத் தொகுப்புக்குப் போகாதீர்கள். ஒரே பாடல் இரண்டு, மூன்று தடவை வருவது புதியவரைக் களைக்க வைக்கும். இரண்டு தனி ஆல்பங்களில் ஆரம்பியுங்கள். அதிலும் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ முதலில். வெளியான வரிசைப்படி அது இரண்டாவது என்றாலும், காதை உள்ளே அழைத்துப்போவதில் அதுதான் இதமானது. ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில பதிப்புகளில் மாற்று டேக்குகளைக் கடைசியில் சேர்த்திருப்பார்கள். முதலில் கேட்கும்போது ஆறு பாடல் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

படி 2: கேட்கும் ஏற்பாடு

ஃபோனின் சின்ன ஸ்பீக்கர் இதற்கு உதவாது. டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. பேஸ் இல்லாமல் இந்த ஆல்பத்தைக் கேட்டால் பாதியைத்தான் கேட்கிறீர்கள். சுமாரான ஹெட்ஃபோன் போதும், விலை உயர்ந்தது வேண்டியதில்லை.

சத்த அளவை எப்படி வைப்பது? பேஸின் கம்பியை விரல் இழுத்துவிடும் அந்தச் சின்ன உரசல் கேட்கும் அளவுக்கு வையுங்கள். அதற்கு மேல் தேவையில்லை.

பிறகு ஒரு வேலை. ஏதாவது ஒரு பாடலைப் போட்டு, ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்து ஒரு நிமிடம், மறுபக்கத்தை மட்டும் வைத்து ஒரு நிமிடம் கேளுங்கள். பேஸ் எந்தப் பக்கம் அழுத்தமாக வருகிறது, சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தகடு) எந்தப் பக்கம் ஒலிக்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். அன்று டேவ் ஜோன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் இரண்டு தட டேப்பில் நேரடியாகப் பதிவு செய்தார். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே ஏற்றி இறக்க வழியில்லை. யார் எங்கே ஒலிக்கிறார்கள் என்பது அந்த இடத்திலேயே முடிவானது. அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த படிகள் எல்லாம் எளிது.

படி 3: அந்த அறையை மனதில் வையுங்கள்

வேன்கார்டை மேக்ஸ் கார்டன் 1935-இல் தொடங்கினார். முதலில் கவிஞர்கள், நாட்டுப்புறப் பாடகர்கள், நகைச்சுவைக் கலைஞர்கள் எல்லாரும் ஏறிய மேடை அது. 1957 வாக்கில்தான் முழுக்க ஜாஸ் கிளப்பானது. அறை முக்கோணம் போன்றது, ஒரு முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அந்தக் குறுகிய முனையில்தான் மேடை. நூற்றிருபத்துச் சொச்சம் பேர்தான் உட்கார முடியும். இப்படிக் குறுகும் அறையில் ஒலி பெரிதாக எதிரொலித்துக் குழம்புவதில்லை. அங்கே பதிவான ஆல்பங்களில் கருவிகள் பக்கத்தில் இருப்பதுபோல ஒலிப்பதற்கு அந்த அமைப்பும் ஒரு காரணம். பெரிய அரங்கப் பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

அந்த ஞாயிறு, ட்ரியோ அங்கே வாசித்துவந்த நாட்களின் கடைசி நாள். தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் அந்த ஒரு நாளைத்தான் பதிவுக்கு எடுத்துக்கொண்டார். மதியம் இரண்டு செட், மாலைக்கு மேல் மூன்று செட்.

படி 4: ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’, முழுதாக, குறுக்கே எதுவும் செய்யாமல்

சுமார் ஐந்து நிமிடப் பாடல், மிக மெதுவானது. இதில் யாரும் தனியாகத் திறமை காட்டுவதில்லை. பியானோ பாட்டின் மெட்டைச் சொல்கிறது, பேஸும் டிரம்ஸும் கூடவே நிற்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் இதில் ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை பியானோவை விட்டுவிட்டு பேஸின் சுரங்களை மட்டும் கவனியுங்கள். லஃபாரோ எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பது ஆச்சரியமாக இருக்கும். ஒரு சுரத்தை விட்டு, அது தேய்ந்து மறையும் வரை காத்திருந்து, அடுத்ததைத் தருகிறார். சில சமயம் நீங்கள் எதிர்பார்க்கும் தட்டில் அந்தச் சுரம் வருவதில்லை. சற்றுத் தள்ளி வருகிறது.

மூன்றாம் தடவை மோஷனைக் கேளுங்கள். குச்சி இல்லை, பிரஷ். கம்பிக் கற்றையால் தோலை வருடும் சத்தம், இடையிடையே சிம்பல் நீளமாக மின்னும் சத்தம். தாளத்தைக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. பியானோ ஒரு சுரக்கட்டைத் தொங்கவிடும் இடத்தில் சிம்பலும் கூடவே விரிகிறது. இந்தப் பாடலில் டிரம்ஸுக்கு வேலை குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சிம்பல்களை எடுத்துவிட்டால் பாட்டு தரையில் விழுந்துவிடும்.

படி 5: வடிவத்தை எண்ணிப் பிடியுங்கள்

ஜாஸில் ஒரு பாடலை எடுத்துக்கொண்டால், அதன் மெட்டு எத்தனை பார் (தட்டுகளின் ஒரு கட்டு, பெரும்பாலும் நான்கு தட்டு) நீளமோ அந்த நீளம்தான் கடைசி வரை சுழன்றுகொண்டே இருக்கும். மெட்டு முடிந்ததும் அதே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) வரிசையின்மேல் ஒருவர் மனோதர்மமாக வாசிப்பார். சுற்று முடிந்தால் அடுத்த சுற்று தொடங்கும். தாள ஆவர்த்தனம் திரும்பத் திரும்ப வருவதுபோலத்தான், ஆனால் ஒரு சுற்று பாட்டின் முழு நீளத்துக்கு வரும். இந்தச் சுற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாதவரை மனோதர்மம் வெறும் சுர மழையாகவே காதில் விழும்.

இதைப் பழக ‘மை ரொமான்ஸ்’ நல்லது. 1935-இல் வந்த மேடை நாடகப் பாட்டு, ரிச்சர்ட் ராஜர்ஸின் மெட்டு. 32 பார்களை எட்டெட்டாக நான்கு துண்டாகப் பிரிக்கலாம். முதல் துண்டும் மூன்றாம் துண்டும் ஒன்றுபோல இருக்கும். இரண்டும் நான்கும் வேறு. எவன்ஸ் தனியாக, தாளக் கட்டில்லாமல் தொடங்குகிறார். அந்தப் பகுதியில் எண்ணாதீர்கள், மெட்டை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பேஸும் டிரம்ஸும் சேர்ந்து நடை அமைந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒன்று இரண்டு மூன்று நான்கு, இரண்டு இரண்டு மூன்று நான்கு, மூன்று இரண்டு மூன்று நான்கு என்று ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் பாரின் எண்ணைச் சொல்லிக்கொண்டு போனால் தொலைய மாட்டீர்கள். அப்படியே தொலைந்தாலும் கவலையில்லை. மெட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே எவன்ஸின் வாசிப்பைக் கேளுங்கள், இரண்டும் ஒரே இடத்தில் மூச்சு விடுவது தெரியும்.

இது கைகூடினால் மற்ற எல்லாப் பாடலும் திறந்துவிடும். ‘சோலார்’ 12 பார் சுற்று, குறுகியது, வேகமாகத் திரும்பி வரும்.

படி 6: பேஸ் மட்டும்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். இங்கே அவசரப்படாதீர்கள்.

முதலில் வழக்கமான பேஸ் என்ன செய்யும் என்று தெரிய வேண்டும். 1950களின் ஜாஸ் ஆல்பம் எதை எடுத்தாலும் பேஸ் பெரும்பாலும் ஒரு பாருக்கு நான்கு சுரம், ஒரு தட்டுக்கு ஒன்று என்று சீராக நடந்துகொண்டே இருக்கும். அதை வாக்கிங் பேஸ் என்பார்கள். கார்ட் எது என்று சொல்வதும் தாளத்தைப் பிடித்து நிறுத்துவதும் அதன் வேலை. மிக முக்கியமான வேலை, ஆனால் ஓயாத வேலை. எல்லாரும் அதன்மேல் ஏறி நிற்பார்கள், அதனால் அது நகர முடியாது.

1959 கடைசியில் இந்த ட்ரியோ அமைந்தபோது எவன்ஸுக்கு வேறொரு எண்ணம் இருந்தது. ஒருவர் வாசிக்க மற்ற இருவர் தாங்கிப் பிடிப்பது, அவர் முடித்ததும் அடுத்தவர் என்ற முறை மாற வேண்டும். மூவரும் ஒரே நேரத்தில் புதிதாக வாசிக்க வேண்டும். பேஸ் வாசிப்பவருக்குப் பதில் சொல்லத் தோன்றினால் அவர் ஏன் நான்கு தட்டையே தட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எவன்ஸின் கேள்வி. லஃபாரோ அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். டபுள் பேஸின் உயர்ந்த பகுதியில், கிட்டார் வாசிப்பதுபோன்ற வேகத்தில் அவருக்குக் கை ஓடியது. அந்த எண்ணத்துக்கு ஏற்ற ஆள்.

இப்போது ‘குளோரியாஸ் ஸ்டெப்’ போடுங்கள். லஃபாரோ எழுதிய பாடல். வடிவமே விநோதமானது. 5 பார், அதே 5 பார் மீண்டும், பின் 10 பார், மொத்தம் 20. எட்டு எட்டாக எண்ணிப் பழகிய காதுக்கு இது எதிர்பார்த்த இடத்துக்கு முன்னாலேயே மடங்குவதுபோல இருக்கும். முதல் நிமிடத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு கீழ்க்கண்டவற்றைத் தேடுங்கள்.

மெட்டு வரும்போது பேஸ் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பியானோ ஒரு வாக்கியம் சொல்லி நிற்கிறது. அந்த இடைவெளியில் பேஸ் மேலே ஏறி ஒரு பதில் சொல்கிறது. சில இடங்களில் பியானோ முடிக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது. ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டுகிறார், ஆனால் சண்டையில்லை, ஆர்வம்.

அடுத்து எவன்ஸின் தனி வாசிப்பு. இப்போது பேஸ் நடையைப் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பீர்கள். பிடிக்கும், விடும். தாளத்தின் முதல் தட்டை அவர் வாசிக்காமல் விடும் இடங்களில் உங்கள் கால் தானாகத் தட்டும் பாருங்கள். தாளத்தை அவர் கேட்பவரின் உடம்புக்குள்ளேயே வைத்துவிட்டார். தாளம் சத்தமாக இல்லாவிட்டாலும் தொலைவதில்லை என்ற நம்பிக்கை மூவருக்கும் இருப்பதால்தான் இது நடக்கிறது.

பிறகு பேஸின் தனி வாசிப்பு. இங்கே ஒரு சோதனை செய்யுங்கள். அதை மனதுக்குள் பாட முயலுங்கள். பேஸ் சோலோ என்றால் வேகமாக முணுமுணுக்கும் ஒரு சத்தம் என்று பலரும் தள்ளிவிடுகிறார்கள். லஃபாரோவுடையது பாடக்கூடியது. குழப்பமாக இருந்தால் ஒரு சின்னத் துண்டை, பத்து வினாடியை மட்டும், திரும்பத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். அந்தப் பத்து வினாடி பாட வந்துவிட்டால் மீதியும் வரும்.

இதையே ‘சோலார்’, ‘ஆல் ஆஃப் யூ’ இரண்டிலும் செய்யுங்கள். ‘சோலார்’ பாடலில் பியானோவும் பேஸும் பின்னிக்கொள்ளும் விதம் எனக்கு இந்த இரண்டு ஆல்பங்களிலும் மிகப் பிடித்த இடம். யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்ல முடியாத நீண்ட பகுதிகள் அதில் உண்டு.

படி 7: பியானோவில் எது இல்லை என்று கேளுங்கள்

எவன்ஸ் என்ன வாசிக்கிறார் என்பதை எல்லாரும் கேட்கிறார்கள். எதை வாசிக்காமல் விடுகிறார் என்பதுதான் இங்கே பாடம்.

ஒரு கார்டுக்கு அடித்தளமான சுரம் ஒன்று உண்டு, ரூட் என்பார்கள். பியானோ கலைஞரின் இடது கை வழக்கமாக அதைக் கீழே போட்டுத்தான் மற்றதை மேலே அடுக்கும். எவன்ஸின் இடது கை பல இடங்களில் அந்த ரூட்டை விட்டுவிட்டு, கார்டின் நிறத்தைத் தரும் மற்றச் சுரங்களை மட்டும், விசைப்பலகையின் நடுப்பகுதியில் நெருக்கமாக வைக்கிறது. கீழ்ப்பகுதி முழுக்க லஃபாரோவுக்குக் காலியாகிறது. அவர் அங்கே ரூட்டை வைக்கலாம், வைக்காமலும் போகலாம். இருவரும் வைக்காதபோது பாட்டு ஒரு கணம் மிதக்கிறது. அந்த மிதப்பைத்தான் பலர் எவன்ஸின் மென்மை என்று சொல்கிறார்கள். அது மனநிலை மட்டும் இல்லை, இருவரும் இடத்தைப் பங்கிட்டுக்கொண்ட விதம்.

‘சம் அதர் டைம்’ பாடலின் தொடக்கத்தில் இரண்டே கார்டுகள் மாறி மாறி ஆடுகின்றன. பெர்ன்ஸ்டைனின் 1944 நாடகப் பாட்டு இது. 1958-இல் இதே பாட்டுக்கு முன்னுரையாக வாசிக்கத் தொடங்கி, அந்த இரண்டு கார்டுகளிலேயே தங்கிவிட்டதால் எவன்ஸுக்குக் கிடைத்ததுதான் ‘பீஸ் பீஸ்’ என்ற தனிப் பியானோ வாசிப்பு. முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தனியாக வாசிக்கும்போது அந்தக் கீழ்ச்சுரங்களை அவர் இடது கையே சுமக்கிறது. ட்ரியோவில் சுமை கைமாறுகிறது.

படி 8: ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’

எவன்ஸ் தன் அண்ணன் மகளுக்காக எழுதியது. மூன்று தட்டில், பியானோவும் பேஸும் மட்டும் தொடங்கும். பிறகு நடை நான்கு தட்டுக்கு மாறி டிரம்ஸ் சேரும். அந்த மாற்றம் எங்கே நடக்கிறது என்று எண்ணிக் கண்டுபிடியுங்கள். படி 5 பழகியிருந்தால் ஒரே தடவையில் பிடித்துவிடலாம்.

படி 9: கிளாஸ் சத்தத்தைத் திட்டாதீர்கள்

கண்ணாடிக் குவளைகள் மோதும் ஒலி, பேச்சு, சிரிப்பு, எதிர்பாராத இடத்தில் கைதட்டல். இவ்வளவு அழகான வாசிப்பின் நடுவே எப்படிப் பேச மனம் வந்தது என்று கோபப்படுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அது ஞாயிற்றுக்கிழமை. வந்தவர்கள் குடிக்கவும் பேசவும் இசை கேட்கவும் வந்தவர்கள். யாருக்கும் அது வரலாறு என்று தெரியாது, வாசித்தவர்களுக்கும்தான்.

அந்தச் சத்தம் உங்களுக்கு ஒரு கருவியாகவும் உதவும். மெதுவான பாடல்களில் பேச்சுச் சத்தம் எங்கே குறைகிறது என்று கவனியுங்கள். அறை எந்த இடத்தில் காது கொடுக்கத் தொடங்கியது என்று தெரியும். ட்ரியோவின் ஒலி எவ்வளவு தாழ்வாக இருந்தது என்பதையும் அதை வைத்தே அளக்கலாம். பக்கத்து மேசைப் பேச்சு மைக்கில் விழுகிறது என்றால் மேடையில் சத்தம் அந்த அளவுக்குத்தான் இருந்திருக்கிறது. கத்தி அடக்காமல், தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அளவிலேயே மூவரும் வாசித்திருக்கிறார்கள்.

படி 10: இப்போது முழுத் தொகுப்பு, வாசித்த வரிசையில்

முதல் செட்டின் முதல் பாடலே ‘குளோரியாஸ் ஸ்டெப்’. நடுவில் மின்சாரம் தடைப்பட்டு டேப் நின்றுபோனது. 2005 தொகுப்பில் அந்த அறுந்த டேக்கையும் வைத்திருக்கிறார்கள். அறுந்தபடியே கேளுங்கள். ‘சண்டே’ ஆல்பத்தில் நீங்கள் கேட்டது பின்னால் அதே நாளில் மறுபடி வாசித்தது.

‘ஆல் ஆஃப் யூ’ அன்று மூன்று தடவை வாசிக்கப்பட்டது. கோல் போர்ட்டரின் பாட்டு. மூன்று டேக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்போது “எது சிறந்தது” என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே ஒரு விஷயத்தைப் பின்தொடருங்கள். பேஸ் எப்போது நடக்கத் தொடங்குகிறது? எவன்ஸ் முதல் வாக்கியத்தை மெட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கிறார்? மோஷன் பிரஷ்ஷை எங்கே விடுகிறார்? ஒரு டேக்குக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டால் காது சிதறாது. இரண்டு டேக்குள்ள ‘ஆலிஸ்’, ‘டீடூர் அஹெட்’ பாடல்களுக்கும் இதே முறைதான்.

லஃபாரோ எழுதிய ‘ஜேட் விஷன்ஸ்’ கடைசி செட்டில், அடுத்தடுத்து இரண்டு தடவை வருகிறது. மெதுவான, சுருக்கமான பாடல். இரண்டாவது தடவை மூவருக்கும் அது இன்னும் கொஞ்சம் பழகிவிட்டது கேட்கும்.

படி 11: பின்னால் நடந்ததைப் பின்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்

இந்தச் செய்தியை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1961 ஜூலை 6 அன்று, இந்தப் பதிவு முடிந்து பதினோராவது நாள், நியூயார்க் மாநிலத்தில் கார் விபத்தில் லஃபாரோ இறந்தார். வயது 25. அதன் பிறகு எவன்ஸ் சில மாதங்கள் அதிகம் வாசிக்கவில்லை. ‘சண்டே’ ஆல்பத்துக்குப் பாடல்களைத் தேர்ந்தபோது லஃபாரோவை முன்னிறுத்தும்படி தேர்ந்தார்கள். அவர் எழுதிய ஒரு பாடலில் தொடங்கி இன்னொன்றில் முடிகிறது. அட்டையிலும் அவர் பெயர் தனியாக வந்தது. மற்ற டேக்குகளிலிருந்து ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ 1962-இல் உருவானது.

இது தெரிந்தபின் கேட்டால் எல்லாச் சுரமும் விடைபெறுவதுபோலத் தோன்றும். பல கட்டுரைகள் அப்படித்தான் கேட்கச் சொல்கின்றன. நான் வேண்டாம் என்பேன். அந்த ஞாயிறு யாரும் விடைபெறவில்லை. அதற்கடுத்த வாரமே லஃபாரோ சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸோடு நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்தார். ‘மைல்ஸ்டோன்ஸ்’ பாடலில் அவர் கை ஓடுவதைக் கேளுங்கள், இன்னும் எவ்வளவோ செய்யவிருந்த ஒருவரின் வாசிப்பு அது. துக்கத்தை நாம் அதன்மேல் போர்த்தினால் அந்தத் துடிப்பு காதில் விழாமல் போகும். அவருக்குச் செய்யும் மரியாதை, அவர் வாசித்ததை வாசித்தபடியே கேட்பது.

படி 12: அடுத்து எங்கே?

இதே அறையில் பதிவான இரண்டு ஆல்பங்களை உடனே கேட்கலாம். 1957 நவம்பர் 3 அன்று சானி ராலின்ஸ் இங்கே பதிவு செய்ததுதான் வேன்கார்டின் முதல் நேரடி ஜாஸ் ஆல்பம். சாக்ஸஃபோன், பேஸ், டிரம்ஸ் மட்டும், பியானோ கிடையாது. எவன்ஸ் ட்ரியோவில் பியானோ விட்டுக்கொடுத்த இடத்தைப் பார்த்தீர்கள், இங்கே அந்த இடமே திறந்து கிடக்கிறது. மதியம் ஒரு பேஸ், டிரம்ஸ் ஜோடி, இரவு இன்னொரு ஜோடி. எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ் வாசிக்கும் இரவுப் பகுதியில் தொடங்குங்கள்.

அதே எல்வின் ஜோன்ஸ், எவன்ஸ் பதிவுக்கு நாலைந்து மாதம் கழித்து, 1961 நவம்பரில் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு இதே மேடையில் இருக்கிறார். ‘சேசிங் த ட்ரேன்’ என்ற பதினாறு நிமிட வாசிப்பில் பியானோ வாயைத் திறப்பதே இல்லை. ஒரே அறை, ஒரே ஆண்டு, ஆனால் சத்தத்தின் அளவே வேறு. முதலில் ஐந்து நிமிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினாலும் தவறில்லை.

நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் 1961 ஜூலை 16 அன்று எரிக் டால்ஃபியும் புக்கர் லிட்டிலும் வாசித்த பதிவில் கிளப்பின் பியானோ சுருதி விலகி இருக்கிறது, தெளிவாகவே கேட்கும். அது இல்லாமலிருந்தால் நன்றாக இருக்குமே என்று முதலில் தோன்றும். மால் வால்ட்ரன் அந்தப் பியானோவை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று கேட்ட பிறகு அப்படித் தோன்றாது.

சிகாகோவின் பெர்ஷிங் லவுஞ்சில் 1958 ஜனவரியில் அகமது ஜமாலின் ட்ரியோ பதிவு செய்த ஆல்பத்தைக் கடைசியாக வையுங்கள். எவன்ஸ் ட்ரியோவைப்போல இதுவும் பியானோ, பேஸ், டிரம்ஸ், இதுவும் சின்ன இடம். ஆனால் இங்கே எல்லாம் முன்கூட்டியே கச்சிதமாகக் கட்டப்பட்டது, இடைவெளிகள்கூட. இதில் இருக்கும் ‘பாயின்சியானா’ எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். இதற்கு மட்டும் பேஸில் தொடங்காமல் வெர்னல் ஃபோர்னியேவின் டிரம்ஸில் தொடங்குங்கள். அந்த நடை காதில் ஏறிய பிறகு ஜமால் எத்தனை பார்களைச் சும்மா விடுகிறார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள்.